போட்டோக்காரம்மாவின் சுருட்டை முடி

அந்த ஸ்டுடியோவுக்கு யாரும் அழகாகத் தெரிவதற்காக வருவதில்லை. எதிர்ப்பக்கம் இருக்கும் அரசு அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு ஒட்ட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். வியர்த்து வழிய ஓடிவந்து, "சீக்கிரம்மா, டோக்கன் எடுத்துட்டேன்" என்பார்கள். போட்டோக்காரம்மா அவர்களைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, "தோளைத் தளர்த்துங்க. காது தெரியணும், முடியை ஒதுக்கிக்குங்க. பல்லைக் காட்ட வேண்டாம். அசையாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் படம் விழுந்திருக்கும். பதினான்கு வருடமாக அதுதான் அவள் வேலை.

வருகிறவர்களின் தலை எப்படி இருந்தாலும் அவளுடைய தலை எப்போதும் தயாராக இருக்கும். தோளுக்குக் கீழே நான்கு விரற்கடை நீளம், ஓர் இழை பிசகாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. "உங்களுக்கென்னம்மா, கடவுள் கொடுத்த முடி" என்று கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டே பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

கடவுள் கொடுத்தது வேறு. இது தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து, பீரோ இருக்கும் சின்ன அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சூடேறிய ஸ்ட்ரெயிட்னரால் ஒவ்வொரு கற்றையாக இழுத்து இழுத்து அவள் செய்துகொண்டது.

அவள் முடி சுருட்டை. அலையலையாகத் தோளில் விழும் சுருட்டைகூட இல்லை. பேனா ஸ்பிரிங் போல இறுக்கமான சுருள். அப்பாவின் வழி. அப்பா மாதம் தவறாமல் ஒட்ட வெட்டிக்கொண்டதால் அவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. அக்காவுக்கோ அம்மாவைப் போல இடுப்பு வரை வழுவழுவென்று இறங்கும் முடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இருவரையும் வரிசையாக உட்காரவைத்து வாருவார். அக்கா ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். சின்னவளின் தலையில் சீப்பின் பல் ஒடியும். "உன் தலையை வாரி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு வீடே கட்டிடுவேன்" என்பார் அம்மா. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'குருவிக்கூடு' என்று பெயர். ஒரு நாள் பின்வரிசைப் பையன்கள் அவளுக்கே தெரியாமல் தலைக்குள் மூன்று சாக்பீஸ் துண்டுகளைச் செருகிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து துண்டு போட்டுத் துவட்டும்போதுதான் விழுந்தன. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். யாரும் கொடுமை செய்யவில்லை. அதனால் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அக்காவின் கல்யாணம் வந்தது. மணப்பெண்ணை அலங்கரிக்க வந்த பார்லர்க்காரப் பெண்ணுக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. "தங்கச்சிக்கும் நேராக்கி விடட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது சித்தி, "இது யாரு பொண்ணு?" என்று நிஜமாகவே கேட்டார். பிறகு அடையாளம் தெரிந்து, கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "இப்பதான்டி அக்கா தங்கச்சி மாதிரி இருக்கீங்க. இப்படியே இரு" என்றார்.

சித்தி அதைச் சொல்லிவிட்டு மறந்திருப்பார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது உத்தரவு போலக் காதில் விழுந்தது. முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கிய முதல் பொருள் ஸ்ட்ரெயிட்னர்தான்.

ஸ்டுடியோவில் சேர்ந்தபோது முதலாளி, "கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவங்க பளிச்சுனு இருந்தா வர்றவங்க தானா தலையை வாரிப்பாங்க" என்று சொன்னதும் அதோடு சேர்ந்துகொண்டது. பிறகு கல்யாணம். கணவர் டி.வி., மிக்ஸி, மின்விசிறி எல்லாம் பழுதுபார்ப்பவர். கடைத்தெருவில் அவருக்கு 'ரிப்பேர்க்காரர்' என்றுதான் பெயர். நல்ல தூக்கக்காரர். மூன்று நாளைக்கு ஒருமுறை அவள் தலைக்குக் குளிப்பதும் விடிவதற்கு முன்னால்தான். அவர் கண்விழிக்கும்போது அவள் முடி காய்ந்து, நேராகி, சீவி முடிக்கப்பட்டிருக்கும். பூட்டிய அறையில் மனைவி தினமும் ஒரு மணி நேரம் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒன்பது வயது மகளுக்கும் அது காலையில் கேட்கும் சத்தங்களில் ஒன்று: பால் பொங்கும் சத்தம், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் சத்தம், அம்மா கதவைத் தாழிடும் சத்தம்.

முப்பத்தெட்டு வயதில் அவள் காதின் மேல் ஓரத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தன. வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. தலையணை உறையிலும் குளியலறைச் சாக்கடை மூடியிலும் முடி கொத்தாகச் சேர்ந்தது. "தண்ணி சரியில்லை" என்று அக்காவிடம் சொன்னாள். அதே தண்ணீரில் குளித்த கணவருக்கும் மகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க அவள் நேரம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் படம் எடுக்கும் அறையில் தொங்கும் வெள்ளைத் திரையின் கொக்கி கழன்றது. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அவள் யோசிக்காமல் அந்தச் சுழல்நாற்காலியின் மேலேயே ஏறினாள். நாற்காலி தன் வேலையைச் செய்தது, சுழன்றது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டு விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வந்தது. ஆறு வாரம் என்றார் டாக்டர்.

"டாக்டர், இந்தக் கையால இடுக்கி மாதிரி எதையாவது பிடிக்க முடியுமா?"

"எதைப் பிடிக்கணும்?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

மூன்று நாள் மகளை விட்டுத் தலையைக் கொண்டையாக இறுக்கிக் கட்டச் சொல்லிச் சமாளித்தாள். நான்காவது நாள் அரிப்புத் தாங்கவில்லை. மகளைக் குவளையால் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒற்றைக் கையால் தேய்த்துக் குளித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். முடி காயக் காய மேலே ஏறிக்கொண்டே போனது. காது வரை சுருண்டு புடைத்து நின்றது. அதற்குக் கீழே, வருடக்கணக்காக வெந்த பகுதி, சுருளவும் தெரியாமல் நேராக விழவும் தெரியாமல் காய்ந்த நார் போலத் தொங்கியது.

மகள் வாயைப் பிளந்தாள். "அம்மா, இது உன் முடிதானா?"

தேநீரோடு வந்த ரிப்பேர்க்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னாச்சு? ஷாக் அடிச்சிடுச்சா?" என்றார். தொழில் அப்படி; முதலில் தோன்றியது அதுதான்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷமாவா?"

"அதுக்கு முன்னாடி எட்டு வருஷம். மொத்தம் பத்தொன்பது."

அவர் திரும்பிச் சின்ன அறையின் கதவைப் பார்த்தார். பிறகு, "நான் ஏதாவது சொல்லிடுவேன்னு நினைச்சியா?" என்று கேட்டார்.

"சொன்னா என்ன பண்றதுன்னு நினைச்சேன்."

அவளுக்கு வேறு கவலை. மறுநாள் வேலைக்கு வரச்சொல்லி முதலாளி கூப்பிட்டிருந்தார். கேமரா நிலைக்காலில்தான் நிற்கிறது, இடது கையால் பட்டனை அழுத்தினால் போதும், கல்லூரி விண்ணப்பக் கூட்டம் அலைமோதுகிறது என்று. இந்தத் தலையோடு எப்படிப் போவது?

"உங்களுக்குத்தான் கை நடுங்காதே. நீங்க கொஞ்சம் இழுத்து விடுங்களேன்" என்று பீரோவிலிருந்து ஸ்ட்ரெயிட்னரை எடுத்துவரச் சொன்னாள்.

ரிப்பேர்க்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக்கில் செருகினார். சின்னத் திரையில் எண் ஏறியது. இருநூற்றுப் பத்து. இருநூற்று இருபது. இருநூற்று முப்பதில் நின்றது.

"இது டிகிரியா?"

"ஆமா."

"ஏம்மா, நான் போர்டுல வைக்கிற ஈயப்பத்து இதுக்குக் குறைஞ்ச சூட்டுலயே உருகி ஓடிடும். இதையா தினமும் தலையில வைக்கிற?"

"முடிக்கு வலிக்காதுங்க."

"உனக்கு?"

அவள் காதைத் தடவிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றாள்.

அவர் அவள் பின்னால் போய் நின்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நுண்ணிய கம்பிகளைப் பிரிப்பது போல ஒரு கற்றையைப் பிரித்து எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஆவி கிளம்பியது. இரண்டாவது கற்றை. மூன்றாவதில் காதின் நுனி பட்டுவிட்டது. அவள் "அம்மா!" என்று கத்தினாள். அவர் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அவள் காதைவிட அவர் முகம்தான் அதிகமாக வெந்தது போல இருந்தது.

"நீ என்ன வேணா பண்ணிக்கோ, நான் தடுக்க மாட்டேன். ஆனா என் கையால முடியாதும்மா. மன்னிச்சுடு."

மறுநாள் ஒரு பெரிய பூப்போட்ட துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். கேட்டவர்களிடம் சளி என்றாள். பதினொரு மணி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் காதை மூடும் அளவுக்கு ஒரு தொப்பி. லாரி ஓட்டுநர், உரிமத்தைப் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்றார்.

"தொப்பியை எடுத்துடுங்க சார்."

"தொப்பியோட எடுத்தா ஆகாதா?"

"ஆகாது சார். திருப்பி அனுப்பிடுவாங்க."

"அடையாளத்துக்கு முகம்தானே வேணும்? முகம் தெரியுதே."

"தலையும் தெரியணும் சார். சட்டம் அப்படி."

அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண் அவள் தலைத்துணியில் வந்து நின்றது. "சட்டம் எனக்கு மட்டும்தானாம்மா? நீங்க முதல்ல கழட்டுங்க, நானும் கழட்டறேன்" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் விரல்கள் தொப்பியை விடவே இல்லை, விளிம்பு கசங்கிப்போயிருந்தது. பதினான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரைத் தலையைக் காட்டச் சொன்னவள், அப்படிச் சொல்வது ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் இடது கையை மேலே கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள்.

துணி நழுவியதும் முடி நான்கு திசையிலும் எழுந்து நின்றது. ரிப்பேர்க்காரர் இழுத்துவிட்ட மூன்று கற்றைகள் மட்டும் தனியாக, பூனைமீசை போல, காதோரம் நீட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் அசையாமல் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தமாக மழித்த மாதிரி, ஃபிளாஷ் விளக்கு அதில் தெரிந்தது.

"ஏம்மா, இவ்வளவையும் வச்சுக்கிட்டா மூடி வச்சிருந்தீங்க?" என்றார். "நான் மூடறதுல நியாயம் இருக்கு. உங்களுக்கு என்னம்மா கேடு? வேண்டாம்னா பாதியை இப்படித் தள்ளுங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். "பல்லைக் காட்டாதீங்க சார்" என்று சொல்வதற்கு அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. முதல் இரண்டு படங்களும் அவர் சிரித்ததால் வீணாயின.

அவர் போன பிறகு துணியைத் திரும்பக் கட்டலாம் என்று எடுத்தாள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியவில்லை. காலையில் மகள்தான் கட்டிவிட்டிருந்தாள். விட்டுவிட்டாள். சாயங்காலம் முதலாளி வந்தார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "பிரிண்டருக்கு மை மாத்தியாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பதினான்கு வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த நாள், மை மாற்றுவதைப் பற்றிய பேச்சோடு முடிந்தது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை சுண்டிப்போய், வேறு யாருடைய கையோ போல இருந்தது. அந்த வாரமே அக்கா கூப்பிட்டாள். அக்காவின் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அவள் கிளம்புவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், கேமராவைக் கொண்டுவா என்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கைதான் சரியாயிடுச்சே. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் தலையை நேராக்கிட்டு வாடி. படம் காலத்துக்கும் சுவத்துல இருக்கப்போவுது" என்றாள்.

"சரிக்கா" என்றாள் இவள். சொல்லிப் பழகிய வாய்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு எழுந்து, கதவைத் தாழிட்டு, பிளக்கைச் செருகினாள். எண் ஏறியது. பிடரிப் பக்கத்திலிருந்து முதல் கற்றையை எடுத்து இழுத்தாள். கருகல் வாசம் அறையை நிறைத்தது. இத்தனை வருடம் இந்த நாற்றத்திலா நின்றேன் என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். இரண்டாவது கற்றையை இழுத்தபோது கையில் எந்தப் பிடிப்பும் இல்லை. பார்த்தால், ஒரு விரல் நீளத்துக்கு முடி அறுந்து இரண்டு தகடுகளுக்கு நடுவில் புகைந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. பயப்படவும் இல்லை. காலை ஐந்து மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, இங்கே நின்று நான் யாருக்காக வெந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது. சித்தியின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள். சரியாக வரவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எட்டு மணிக்கு மகள் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பார்லர் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். முடி வெட்டும் பெண் பின்னால் நின்று நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "எவ்வளவு எடுக்கட்டும்?"

"நேரா இருக்கறது எல்லாத்தையும்."

"அப்படின்னா காதுக்கு மேல வந்துடுமே. அப்புறம் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

அந்தப் பெண் முடியை நனைக்காமல், காய்ந்தபடியே, ஒவ்வொரு சுருளாகப் பிடித்து எங்கே சுருள் நிற்கிறதோ அங்கே வெட்டினாள். நனைத்து வெட்டினால் காய்ந்ததும் ஏறிவிடும், கணக்குத் தப்பும் என்றாள். பழைய நார் கொத்துக்கொத்தாகத் தரையில் விழுந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவள் தலையை ஆட்டிப் பார்த்தாள். பிடரியில் காற்றுப் பட்டது. தலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி ஒரு லேசு. கண்ணாடியில் இருந்த முகம் அப்பாவின் முகம். கொஞ்சம் அம்மாவின் மூக்கு. கீழே கிடந்ததைக் கூட்டித் தள்ளும்போது, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்றாள்.

வாசலில் பைக்கோடு நின்ற ரிப்பேர்க்காரர் அவளைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "கழுத்துல மச்சம் இருக்கு உனக்கு. இது வேற எப்போ வந்துச்சு?" என்றார்.

அக்காவின் வீட்டில் கதவைத் திறந்ததும் அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. "அடிப்பாவி! ஒரு நாளைக்குத்தானேடி கேட்டேன்."

"முடியலக்கா."

"முடி இருந்தாத்தானே முடியறதுக்கு. அதையும் வெட்டிட்டு வந்து நிக்கறியே!"

சாப்பாட்டின்போது அக்கா இவள் தட்டில் மட்டும் கரண்டியை நங்கென்று தட்டிப் பரிமாறினாள். பிறகு எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, கேமராவில் நேரம் குறித்துவிட்டு, இவள் ஓடிவந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிக்குள் அக்கா வாயை அசைக்காமல், பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "எனக்குப் பிடிக்கலடி."

"தெரியுதுக்கா. கொஞ்சம் நகந்து நில்லு, மாமா முகம் மறையுது."

அக்கா நகர்ந்து நின்றாள். படம் நன்றாக வந்தது. இன்றும் அது அக்காவின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அக்காவுக்கு அந்தத் தலை இன்றும் பிடிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லியும் விடுவாள். சொல்லிவிட்டு இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அக்கா ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்க முடியும் என்று அவள் கண்டுகொண்டது அந்த வருடத்தில்தான்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. முடி கழுத்து வரை வளர்ந்துவிட்டது. எதைத் தடவினால் படியும், எதைத் தடவினால் பிசுக்காகும் என்று கற்றுக்கொள்ள ஒரு வருடம் போனது. அதற்குள் மூன்று விதமான எண்ணெய்ப் பாட்டில்கள் பாதியில் நின்றன. இடப்பக்கம் இறுக்கமாகச் சுருள்கிறது, வலப்பக்கம் சோம்பலாக. ஏன் என்று முடி வெட்டும் பெண்ணுக்கும் தெரியவில்லை. ஸ்ட்ரெயிட்னரை ரிப்பேர்க்காரர் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயை ஒட்டுவதற்கு அது நன்றாக உதவுகிறதாம். சூட்டை மட்டும் நிறையக் குறைத்து வைத்துக்கொள்கிறார்.

பதினோரு வயதாகும் மகளுக்கு அப்பாவின் முடி. குச்சி குச்சியாக நேராக நிற்கும். அவளுக்குத் திடீரென்று சுருள் வேண்டுமாம். போன மாதம் ஒரு சாயங்காலம் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். அம்மா பழைய துணியைக் கிழித்து, முடியைத் துணியில் சுற்றிச் சுற்றி, பன்னிரண்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். காலையில் அவிழ்த்தபோது நிஜமாகவே சுருண்டிருந்தது. மகள் தலையை ஆட்டி ஆட்டிப் பள்ளிக்குப் போனாள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் ஒன்றுகூட இல்லாமல் பழையபடி நேராகிவிட்டதாம்.

"அழுதியா?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கு அழணும்? முதல் ரெண்டு பீரியட் இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.